மாம்பழம் போட்ட பியர், பியர்தானா?

கேள்வி: ஐயா, போன வாரம் பங்சாரில் நண்பர்களோடு, சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பியர் குடித்தோம். பலகையில் ‘பில்ஸ்னர்’ என்று எழுதியிருந்தது, குடித்தால் மாம்பழ மணமும் நல்ல புளிப்பும். பழைய வகைகளில் சேராததை பியர் என்றே சொல்லக்கூடாது என்கிறார் ஒரு நண்பர். சரியா?
– வாசகர், செந்தூல்

பதில்: நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கடை செய்ததையும் ஏற்க மாட்டேன்.

பழைய வகை என்கிறோமே, அதெல்லாம் ஒரு காலத்தில் புதுசுதான். பொன்னிற பில்ஸ்னரை யோசெஃப் க்ரோல் காய்ச்சியது 1842-இல், இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில். நம்மவர்கள் விரும்பிக் குடிக்கும் ஸ்டவுட்டும் போர்ட்டர் என்ற அடர்நிற லண்டன் பியரின் வலுவான வடிவமாகத் தொடங்கியதுதான். இன்றைய ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இல் பார்லி, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று சட்டமே போட்டார்கள், ஆனால் அதே ஜெர்மனியின் லைப்சிக் பக்கம் கோஸே என்ற புளிப்பு பியரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுக் குடித்தார்கள், பெல்ஜியத்து விட்பியரிலும் அதே கொத்தமல்லி விதை, கூடவே ஆரஞ்சுத் தோல். அப்புறம் பிரேசிலைப் பாருங்கள். சாந்தா கத்தரீனா மாநிலத்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழங்களைப் போட்டுக் காய்ச்சிய புளிப்பு பியர், ‘கத்தரீனா சவர்’ என்று பிஜேசிபி என்ற பியர் போட்டி நடுவர் அமைப்பின் வழிகாட்டியிலேயே இடம் பிடித்துவிட்டது. நம் மாம்பழத்துக்கும் பாண்டானுக்கும் அந்த இடம் ஏன் கிடைக்கக் கூடாது? காய்ச்சுகிறவர்கள் தைரியமாகக் காய்ச்சட்டும்.

ஆனால் பெயரில் பொய் கூடாது. பில்ஸ்னர் என்றால் தெளிவான, ஹாப்ஸ் கசப்பு தெரிகிற லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்க வைத்த பியர்) வரும் என்று நம்பித்தான் காசு கொடுக்கிறோம். சாம்பார் என்று சொல்லி மோர்க்குழம்பை ஊற்றினால், அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் கேட்கத்தானே செய்வோம்? ‘மாம்பழப் புளிப்பு பியர்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் நண்பருக்கும் இந்த வாக்குவாதமே வந்திருக்காது.

போட்டிக்கு அனுப்புவது மட்டும் வேறு கதை. அங்கே எந்த வகையில் பதிகிறோமோ அந்த அளவுகோலில்தான் மதிப்பெண். அந்த அளவுகோலும் மாறும், ஹேஸி ஐபிஏ என்ற, ஹாப்ஸ் மணம் தூக்கலான கலங்கல் பியருக்கு பிஜேசிபி வழிகாட்டியின் 2021 பதிப்பில் தனி வகையே கொடுத்தார்கள்.

அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும் முன் புளிப்பா கசப்பா, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஒரு வாய் ருசி பார்க்கத் தரச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.