250 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள ரியர் வீல் டிரைவ் காருக்கு, நல்ல கிரிப் கிடைக்கப் பின் டயர் எதைப் போடலாம்?

"டயரில் பட்டன் இன்னும் நிறைய இருக்கிறது, ஆனாலும் மழையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரம் வழுக்குகிறது, 255-க்குப் பதில் 275 போட்டால் சரியாகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். (பட்டன் என்பது ரோட்டில் படும் ரப்பர் மேடு; 255, 275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.) படித்ததும் சிரிப்பு வந்தது. உங்களைப் பார்த்து இல்லைங்க. இரண்டு வருடத்துக்கு முன் இதே கேள்வியைக் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் நான் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

உங்கள் கார் என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. டயர் அளவைப் பார்த்தால் ஜெர்மன் செடான் மாதிரி தெரிகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பீர்கள், முந்தைய ஓனர் அதிகம் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தி வைத்திருப்பார் என்று நானாக வைத்துக்கொள்கிறேன்.

என்னுடையது பி.எம்.டபிள்யூ 330ஐ, 2020 மாடல். "ஆரம்பிச்சுட்டான்யா அலட்டல்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023 கடைசியில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். புது இன்னோவா டாப் மாடலை விடக் குறைவாகத்தான் வந்தது. இன்னோவா வைத்திருப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த 400-ம் 1,550 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பழைய பெட்ரோல் வண்டிகள் மாதிரி இன்ஜின் கத்திய பிறகு இழுப்பதில்லை. பாதம் கொஞ்சம் அழுந்தினாலே மொத்தமும் பின் டயர் இரண்டின் தலையில் இறங்குகிறது.

2024 ஜூன். பாலக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாளையாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படி ஊற்றும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். டீ குடிக்க ஓரம் கட்டிவிட்டு மறுபடி மெயின் ரோட்டில் ஏறுகிறேன். பின்னால் லாரி வருகிறது, சீக்கிரம் ஏறிவிடலாம் என்று மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் இடது பக்கமாகப் போய்விட்டது. மீட்டரில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. ஸ்டீயரிங்கை நான் திருப்பினேனா, அதுவே திரும்பியதா என்று இன்று வரை தெரியாது. ஒரு நொடிதான், வண்டி நேராகிவிட்டது. ஆனால் என் மனைவி மடியில் பிரித்து வைத்திருந்த நேந்திரம் சிப்ஸ் அரைக் கிலோவும் டாஷ்போர்டு, சீட் சந்து, ஏசி வென்ட் எல்லா இடத்திலும். அடுத்த இருபது நிமிடம் அவள் ஒன்றும் பேசவில்லை. க.க. சாவடி வந்ததும், "இதுக்குத்தானுங்களா அத்தனை காசு குடுத்து வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி அப்போது ஸ்போர்ட் பிளஸ் என்ற வேகமான டிரைவிங் மோடில் இருந்தது. அதில் போட்டால் டிஎஸ்சி, அதாவது வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு, கொஞ்சம் தளர்ந்து, சக்கரம் சற்று வழுக்க அதுவே இடம் கொடுக்கும். மழையில் அதில் ஓட்டியது என் தப்புதான். திட்ட நினைப்பவர்கள் இதற்குத் திட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் ஏசி போட்ட ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். "275/40 போட்டுக்கலாம் சார், ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும்" என்றார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸை எடுத்துவிட்டேன். அப்புறம் என்னவோ தோன்றி போனில் கணக்குப் போட்டேன். 255/40 ஆர்18 என்றால் அகலம் 255 மில்லி, பக்கச் சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 இன்ச். அந்த டயரின் மொத்த உயரம் 661 மில்லிமீட்டர். 275/40 என்றால் 677. பின் சக்கரம் மட்டும் 16 மில்லி உயர்ந்தால், நாலு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ்ஸும் டிஎஸ்சியும் குழம்பாதா? 275/35 போட்டால் 650, அதாவது 11 மில்லி குறைவு. ரிம் எட்டரை இன்ச். 275-க்கு ஒன்பது இன்ச்சாவது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், டயர் அகலமானால் அது ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம், தண்ணீர் மேல் சீக்கிரமே மிதக்க ஆரம்பிக்கும். மழையில் வழுக்குகிறது என்று போனவனுக்கு மழையில் இன்னும் வழுக்கும் டயரைக் கட்டப் பார்த்தார்கள். காய்ந்த ரோட்டுக்கு, தகுந்த ரிம்மோடு அகலம் கூட்டுவது வேறு கதை, அதில் பலன் உண்டு. உங்கள் பிரச்சினை மழை என்பதால் சொல்கிறேன்.

அங்கிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அந்த அண்ணன் வண்டியை ஜாக்கியில் ஏற்றக்கூட இல்லை. டார்ச் அடித்து டயரின் பக்கச் சுவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்த வருசத்து டயருன்னு பாத்தீங்களா?"

"பட்டன் நாலரை மில்லி இருக்குதுங்களே அண்ணா."

"பட்டன் இருந்து என்னங்க பண்றது? நகத்த வெச்சு அழுத்திப் பாருங்க. ஓடு மாதிரி ஆயிருச்சு."

டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணில் கடைசி நாலு இலக்கம் 4119. அதாவது 2019-ஆம் வருடத்தின் 41-ஆவது வாரம் செய்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் வெயிலில் வெந்த ரப்பர். போதாததற்குக் காற்று வேறு ஸ்டிக்கரில் போட்டிருந்ததை விட 8 பிஎஸ்ஐ அதிகம். "லாங் போறீங்களா சார்" என்று கேட்டுக் கேட்டே பங்க் பையன்கள் ஏற்றிவிட்டது. டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் பார்க்கும் தொழில் ஸ்பின்னிங் மில் ஸ்பேர்ஸ். டாப் ரோலர் மேல் மாட்டும் ரப்பர் காட்ஸ்தான் எங்கள் கடையில் அதிகம் போகிற சரக்கு. ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் என்ற அளவில் சொல்வோம், எண் ஏற ஏறக் கெட்டி. 65 ஷோர் காட்ஸ் பஞ்சை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். 80-க்கு மேல் போனால் நாள்பட உழைக்கும், பிடிப்பு குறையும். ஓட ஓட மேல்தோல் இறுகி வழவழப்பாகும், அதை பஃபிங் போட்டுச் சீவிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். இருபது வருடமாக இதை மில் மில்லாகப் போய் மேஸ்திரிகளுக்குப் பாடம் எடுத்தவன், சொந்த வண்டி டயரில் பட்டனை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து ஷோர் மீட்டரை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். 79. பிறகு புது டயர் வந்ததும் வைத்தேன், 67. "ஷோர் மீட்டரில் கிரிப்பை அளக்க முடியாது" என்று யாராவது ஒரு இன்ஜினியர் வருவார். ஒத்துக்கொள்கிறேன். ரப்பர் கலவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு டயரை இன்னொன்றோடு ஒப்பிட அது போதாது. எவ்வளவு கெட்டியாகிக் கிடந்தது என்று காட்டவே சொன்னேன்.

வாங்கும்போது நான் பார்த்தது இவ்வளவுதான். அளவு அதே 255/40 ஆர்18. லோடு, ஸ்பீடு எழுத்து கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது; நான் போட்டது 99 ஒய், அதாவது டயருக்கு 775 கிலோ, 300 கி.மீ. வேகம். பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். சின்ன எண் என்றால் பொதுவாக மென்மையான ரப்பர், ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்வதால் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே ஒப்பிட நம்ப முடியாது. டிராக்‌ஷன் ஏஏ என்று இருப்பது ஈர ரோட்டில் நேராகப் போய் பிரேக் அடித்துப் பார்த்தது, வளைவுக்கு அது பேசாது. ரேஸ் டிராக்குக்கான செமி ஸ்லிக் வகையை யாராவது சிபாரிசு செய்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சூடேறினால்தான் அது பிடிக்கும், தண்ணீர் ஒதுங்கக் காடியும் போதாது.

நான் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 போட்டேன். கமிஷன் எதுவும் வரவில்லை. ஒரிஜினலாக வந்தது ரன் ஃபிளாட், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை. அதை விட்டுச் சாதா டயருக்கு மாறியதில் வண்டி குழியில் இறங்கும்போது இடுப்புக்கு வந்த நிம்மதி தனி. ஆனால் என் காரில் ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரசரும் டிக்கியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். ராத்திரி தனியாகப் போகிறவர்கள் ரன் ஃபிளாட்டிலேயே இருந்தாலும் தப்பு சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு ஜோடி டயர் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டார்கள், அன்றிலிருந்து இந்த மாதிரி அளவுகளுக்குத் தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. திருவொற்றியூர், அரக்கோணம், பெரம்பலூர், ஒரகடம் என்று தமிழ்நாடு முழுக்க டயர் ஆலைகள். தேர்வாய் கண்டிகையில் மிச்செலினுக்கே ஆலை இருக்கிறது. என் அளவுக்கு மட்டும் கப்பல் வர வேண்டும்! முதலில் வந்த ஜோடியைப் பார்த்தால் தயாரித்து இரண்டு வருடம் ஆன சரக்கு. திருப்பி அனுப்பினேன். "குடோன்ல இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்றார் சப்ளையர். நிழலில் ஒழுங்காக வைத்த டயர் அவ்வளவு கெடாது என்பது உண்மைதான், ஆனால் அவர் குடோனை நான் பார்த்ததில்லை. அப்புறம் 28 சதவீத ஜிஎஸ்டி கட்டி வாங்கினேன். 2025 செப்டம்பரில் அதை 18 ஆக்கிவிட்டார்கள். ஒரு வருடம் பொறுத்திருந்தால் சில ஆயிரம் மிச்சம். நீங்கள் கொடுத்து வைத்தவர்.

முதல் 300 கி.மீ. அடக்கமாக ஓட்டினேன், புது டயரின் மேல்பூச்சு போக வேண்டும். அதன் பிறகு அடுத்த மழையில் அதே இடத்தில், இந்த முறை கம்ஃபர்ட் மோடில், ரோட்டில் ஏறினேன். விளக்கு ஒரு தரம் சிமிட்டியது, அவ்வளவுதான்.

பின் டயரை மட்டும் மாற்றினால் போதுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நானும் காசைப் பார்த்துப் பின்னால் மட்டும்தான் மாற்றினேன். கோத்தகிரி ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில், மழைகூட இல்லை, லேசான மஞ்சு ஈரம்தான், மூக்கு திரும்பாமல் நேராகப் போகப் பார்த்தது. முன் டயரிலும் அதே 4119. மூன்று மாதம் கழித்து அதையும் மாற்றினேன். கையில் காசு இரண்டுக்குத்தான் இருந்தால் புதுசு பின்னாலேயே போகட்டும். முன் டயரின் அந்த நாலு எண்ணை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.