பல் ஊசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தார்கள். மூன்று ஊசி போட்டு உதடு மரத்துப்போன பிறகும் பல்லைத் தொட்டால் உயிர் போனது. என் உடம்பில் ஊசி பிடிக்காதா? - வாசகி, கரூர்

பிடிக்கும். உங்கள் உடம்பையும் குறை சொல்ல முடியாது, பெரும்பாலும் டாக்டர் கையையும் குறை சொல்ல முடியாது. மேல்தாடை எலும்பு மெல்லியது. ஈறில் போட்ட மருந்து தானே ஊறி வேர் நுனிக்குப் போய்விடும். கீழ்த்தாடையின் பின்பக்கம் கெட்டி எலும்பு. அதனால் கடைசிப் பல்லுக்கும் பின்னால், நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தைக் குறிவைத்துப் போடுகிறோம். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

உதடு மரத்திருக்கிறது என்றால் குறி தப்பவில்லை. சிக்கல் பல்லுக்குள் இருக்கிறது. மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகைன் நரம்புக்குள் நுழைய வேண்டுமானால் மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் கூடுதல். மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டம் ஏறி வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் உங்களுக்கு ஊசி போட்டது பல்லிலிருந்து தள்ளி, ஆகவே அமிலம் மட்டும் காரணமல்ல. நாள்கணக்கில் வலித்த பல்லின் நரம்பு சின்னத் தூண்டலுக்கே துடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. வழக்கமான மருந்து அதை அடக்கப் போதாமல் போகும்.

இதற்கு வழி உண்டு. கன்னப்பக்கம் ஆர்ட்டிகைன் என்ற இன்னொரு மரப்பு மருந்தைப் போடலாம், பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள தசைநாரில் போடலாம், கடைசியாகப் பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் கூழுக்குள்ளேயே போடலாம். இந்தக் கடைசி ஊசி சில நொடி சுள்ளென்று வலிக்கும், அப்புறம் நிம்மதி. இபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை ஒத்துக்கொள்பவர்கள் ஒரு மணி நேரம் முன்பே அதைப் போட்டுக்கொண்டால் ஊசி வேலை செய்யும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். "பொறுத்துக்கோங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்று சொன்னால் பொறுக்க வேண்டியதில்லை. கையைத் தூக்குங்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்து, கை நடுங்கியது. 'மரப்பு ஊசி அலர்ஜி' என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். - வாசகர், திருநெல்வேலி

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் அதிகம் புழங்குவது 2% லிக்னோகைனுடன் 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் சேர்த்த மருந்து. அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே பிடித்து வைக்கிறது, ரத்தக் கசிவையும் குறைக்கிறது. அது கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் இப்படிப் படபடக்கும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் பயத்தோடு வந்து மயங்குபவர்களும் நிறையப் பேர், அதுவும் அலர்ஜி இல்லை. தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்; லிக்னோகைனுக்கு அது மிக அரிது. அலர்ஜி நிபுணரிடம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தப்பான குறிப்பு ஒன்று சீட்டில் இருந்தால் நாளைக்கு எந்த டாக்டரும் ஊசியைத் தொடத் தயங்குவார்.

இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளவைக் குறைத்து, மெதுவாகப் போடுவோம். மாத்திரைப் பட்டியலை மட்டும் கொண்டு வாருங்கள், முக்கியமாக இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோபிரனலால் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். சரியாக மரக்காமல் வலியோடு பல் பிடுங்கினால் உடம்பு தானே சுரக்கும் அட்ரினலின் ஊசியில் இருப்பதைவிட அதிகமாகிவிடும்.

பல் பிடுங்கிய மறுநாள் என் ஆறு வயது மகன் உதடு வீங்கி, உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. சீழா? - வாசகி, சேலம்

மரத்த உதட்டைக் கடித்துக் குதறியிருப்பான். அந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் புண்ணின் மேல் படிவதுதான். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லையென்றால் ஆன்டிபயாடிக் தேவையில்லை. வாஸ்லின் தடவுங்கள், காரம் கொடுக்காதீர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். பல்லின் மரப்பு ஒரு மணி நேரத்தில் போனாலும் உதட்டுக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். அடுத்த முறை அதுவரை முறுக்கு, பிஸ்கட் கொடுக்காமல் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். சொத்தைப் பல் வலிக்கிறது, பிரசவம் முடியட்டும் என்கிறார் மாமியார். - வாசகி, மதுரை

காத்திருக்க வேண்டாம், நான்கு முதல் ஆறாவது மாதம்தான் வசதியான காலம். லிக்னோகைன் ஊசி போடலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும்; 20 வாரத்துக்குப் பிறகு இபுபுரோஃபென் வகை மாத்திரைகள் கூடாது.

பல் பிடுங்கி மூன்றாம் நாள் வலி கூடுகிறது, காது வரை இழுக்கிறது. - வாசகர், கோவை

முதல் நாளைவிட மூன்றாம் நாள் வலி அதிகமானால் குழியில் இருந்த ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இதற்குப் பெயர் 'டிரை சாக்கெட்', புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வலி குறையும், இன்றே போங்கள். அதுவரை சாப்பிட்ட பிறகு இபுபுரோஃபென் 400, கூடவே பாராசிட்டமால் 500. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, டெங்குச் சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினைப் பொடி செய்து குழியில் வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும்.