8 அடி டிஷ்ஷின் ஆக்சுவேட்டரில் நான்கு முனைகள்: எது எங்கே போகும்?

சி-பேண்ட் டிஷ்ஷை, அதாவது செயற்கைக்கோள் சிக்னல் பிடிக்கும் பெரிய டிஷ்ஷை, திருப்ப 36 வோல்ட் ஆக்சுவேட்டர் (டிஷ்ஷைத் தள்ளி இழுக்கும் மோட்டார் தண்டு) வாங்கி, மூடியைத் திறந்தால் நான்கு முனைகள் இருக்கின்றன, எதை எங்கே இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மோட்டாருக்கு, இரண்டு சென்சாருக்கு.

மோட்டார் முனைகளைத் தடிமனான ஒயரால் பொசிஷனரின் (டிஷ்ஷைத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியின்) எம்1, எம்2 முனைகளில் இணையுங்கள். கிழக்குப் பட்டனை அழுத்தி டிஷ் மேற்கே போனால் பயம் வேண்டாம். டிசி மோட்டார்தானே, இரண்டையும் இடம் மாற்றினால் சரி.

சென்சாரில்தான் கவனம் தேவை. உள்ளே காந்தம் பதித்த சின்னச் சக்கரம் சுற்றும். பக்கத்திலேயே மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரீட் சுவிட்ச். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் மூடித் திறக்கும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் டிஷ் எங்கே நிற்கிறது என்று பொசிஷனர் அறிகிறது. தவறி 36 வோல்ட் இதில் ஏறினால் சுவிட்ச் போயே போச்சு. அதனால் பவர் கொடுக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: மோட்டாரில் சில ஓம் காட்டும், சென்சாரில் ஒன்றும் காட்டாது, காந்தம் நேரே நின்றால் மட்டும் ஏறக்குறைய சுழியம்.

சென்சாருக்கு ஷீல்டு ஒயரே (உலோக உறை சுற்றிய ஒயர்) போடுங்கள். ஷீல்டைப் பொசிஷனர் பக்கம் மட்டும் கிரவுண்டில் கட்டுங்கள். இல்லாவிட்டால் மோட்டாரின் மின் இரைச்சலும் துடிப்பாக எண்ணப்பட்டு, சேமித்து வைத்த இடம் நாளடைவில் நழுவும். அப்புறம், மோட்டார் கூட்டில் தண்ணீர் வடியும் துளை கீழ்நோக்கியே இருக்கட்டும்.