17 வாரத்தில் கருக்கலைப்பு: ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

"17 வாரம் ஆகிவிட்டது, சிங்கப்பூரில் செய்ய முடியுமா, எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சட்டப்படி 24 வாரம் வரை செய்யலாம். முதலில் ஆலோசனை கட்டாயம். அது முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட முடியும். அந்த இரண்டு நாள் ரொம்ப நீளமாகத் தெரியும்.

அப்புறம் வழி இரண்டு. ஒன்று, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை. கருப்பை வாய் இளக முன்கூட்டியே மருந்து வைப்பார்கள். சிகிச்சை பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். இன்னொன்று, வார்டில் தங்கி மாத்திரை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிறப்புறுப்பில் வைப்பார்கள். மறைக்காமல் சொல்கிறேன், இது சின்னப் பிரசவம் மாதிரிதான். இடுப்பும் அடிவயிறும் விட்டுவிட்டு வலிக்கும். குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். ஒரு நாள்கூட ஆகலாம். வலிக்கு ஊசி கேளுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நஞ்சுக்கொடி முழுதாக வராவிட்டால் கருப்பையைச் சுத்தம் செய்வார்கள். கருவைப் பார்க்க விருப்பமா இல்லையா என்பதைத் தாதியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பலரும் எதிர்பார்க்காதது ஒன்று: சில நாளில் மார்பு கட்டிக்கொண்டு பால் கசியலாம். மார்பை நன்றாகத் தாங்கும் பிராவும் ஐஸ் ஒத்தடமும் உதவும். இரத்தப்போக்கு இரண்டு வாரம்வரை இருக்கலாம். ஆனால் மணிக்கு இரண்டு பேட் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.