முதலில் அத்தையின் பாதத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 56 வயது. உதகையில் இருக்கிறோம். மூன்று வருடமாக உல்லன் பின்னுகிறேன், எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். இதுவரை 23 குல்லா, நான்கு ஸ்வெட்டர், ஒரு சால்வை முடித்திருக்கிறேன். சாக்ஸ் இந்த வருடம்தான் கைக்கு வந்தது. குதிகால் வளைவைத் திருப்பிப் பின்னத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்றை முடித்ததும் அடுத்த டிசைனுக்குப் போய்விடுவதால் ஐந்து சாக்ஸ் ஒற்றையாகவே கிடக்கின்றன. சென்னையில் இருக்கும் எட்டு மாதப் பேரனுக்கு மாதம் தவறாமல் ஏதாவது பின்னி அனுப்புகிறேன். மருமகள் ஒருநாள்கூட அவனுக்குப் போட்டு ஒரு போட்டோ அனுப்பியதில்லை. கேட்டால் "போடுறேன் அத்தை" என்பாள், அவ்வளவுதான். கணவரோ நூலுக்கு இவ்வளவு செலவா என்கிறார். வீட்டில் எனக்கு ஒரே துணை மாமியார்தான். நூல் சிட்டத்தை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொள்வார், நான் உருண்டையாகச் சுற்றுவேன். 81 வயது, சர்க்கரை இருக்கிறது. குளிருக்குக் காலில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அலுத்துக்கொள்ளவே மாட்டார். உழைப்புக்கு மதிப்பில்லாத இடத்தில் எதற்குப் பின்ன வேண்டும் என்று வெறுத்துப்போகிறது. மருமகளிடம் எப்படிப் பேசுவது?

— பெயர் வேண்டாம், உதகை

பதில்: மருமகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் மாமியார் காலில் துண்டு ஏன் இருக்கிறது?

குல்லாக்களை எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள், ஒற்றை சாக்ஸை எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் துண்டை மட்டும் போகிறபோக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மூன்று வருடமாக அந்த அம்மாள் கையில் விரித்துப் பிடித்த நூல்தான் 23 தலைகளுக்குக் குல்லாவாகப் போயிருக்கிறது. அதில் ஒரு முழம்கூட அவர் காலுக்கு வரவில்லை. டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடப்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. மெல்லிய கம்பளி தரும் நீலகிரி ஆடு உங்கள் மலையின் சொந்த இனம். அதற்கென்றே சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஊசியும் நூலும் புழங்குகிற வீட்டில், 81 வயது அம்மாள் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கேட்கவில்லையே என்பீர்கள். கேட்க மாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று மருமகளிடம் வாய்திறந்து கேட்டுப் பழகியவர்கள் இல்லை. "அலுத்துக்கொள்ளவே மாட்டார்" என்று நீங்கள் பாராட்டாக எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது. அலுத்துக்கொண்டிருந்தால் என்றைக்கோ அவருக்கு ஒரு ஜோடி கிடைத்திருக்கும்.

இந்தப் பகுதிக்கு இப்படிப்பட்ட கடிதம் வராத மாதமில்லை. அனுப்பிய முறுக்கைப் பிள்ளைகள் தொடவில்லை, தைத்துக் கொடுத்த பட்டுப்பாவாடையைப் பேத்தி உடுத்தவில்லை, போட்டுக் கொடுத்த ஊறுகாய் அப்படியே இருக்கிறது என்று எழுதுவார்கள். எல்லாமே தூரத்தில் இருப்பவர்களுக்காகச் செய்தது. வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் கடிதத்தின் கடைசியில், அரை வரியில் வந்துபோவார். வாசலில் பந்தி போட்டுவிட்டு உள்ளறையில் இருப்பவரைப் பட்டினி போடுவது போன்ற காரியம் இது. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவருக்கு முதலில் செய்ய வேண்டும், அதிலும் தனக்குத் தானே செய்துகொள்ள முடியாதவருக்கு எல்லோருக்கும் முன்னால் செய்ய வேண்டும். பேரன், பேத்தி, ஊர், உறவு எல்லாம் அதற்குப் பிறகு. இதை நான் யாருக்காகவும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

துண்டு விஷயம் வெறும் குளிர் விஷயமும் இல்லை. நாள்பட்ட சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடலாம். சிலருக்கு ரத்த ஓட்டமும் குறையும். கால் சில்லிட்டிருப்பது ஊர்க் குளிரால்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாதம் நிறம் மாறியிருக்கிறதா, மரத்துப்போகிறதா, ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார விடாதீர்கள். வெந்நீர்ப் பையும் வேண்டாம். சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகும். துண்டின் நுனி ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுக்கினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 81 வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் பழையபடி எழுந்து நடப்பது எளிதல்ல. இத்தனையும் உங்கள் பக்கத்திலேயே, நீங்கள் கண்ணியை எண்ணிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்திருந்தது.

இனி வேலைக்கு வருவோம். அவருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் வேண்டும், ஒன்று துவைக்க, ஒன்று போட. அதுவரை வேறெதற்கும் ஊசியைத் தொடாதீர்கள்.

அளவை மாலையில் எடுங்கள். வயதானவர்களுக்குப் பொழுது சாயச் சாயப் பாதம் வீங்கும். காலையில் எடுத்த அளவில் பின்னினால் சாயங்காலம் பிடிக்கும். தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு, விரல் அடியில் சுற்றளவு, கணுக்காலுக்கு மேலே சுற்றளவு, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை நீளம், மூன்றையும் டேப்பால் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். நம் காலுக்குப் பின்னும்போது சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுவோம், இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அவருக்கு அப்படிச் செய்யாதீர்கள். கால் நுழைந்தால் நழுவாமல் நிற்க வேண்டும், அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம். மேல்வாயை இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று பின்னுங்கள். அதற்குக் கண்ணி ஏற்றும்போது இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து ஏற்றினால் விளிம்பு தளர்வாக வரும். எலாஸ்டிக் கோக்கவே கூடாது. கழற்றியபின் தோலில் கோடு பதிந்திருந்தால் அந்த சாக்ஸ் இறுக்கம், பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

உள்ளே முடிச்சு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதைத்தான் ரொம்பவும் அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கும் எனக்கும் உறுத்தினால் கழற்றி உதறிவிட்டுப் போட்டுக்கொள்வோம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு உறுத்துவது தெரியாது. நாள் முழுக்க அந்த முடிச்சின்மேலேயே நடப்பார், கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள். புது நூல் சேர்க்கும்போது முடிச்சுப் போடாமல் பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் பிடித்து நாலைந்து கண்ணி பின்னுங்கள், நுனிகளை வெளிப்பக்கமாகச் செருகுங்கள். விரல் நுனியை மூடும்போது தடிப்பாகத் தைக்காமல் இரு பக்கக் கண்ணிகளையும் ஒன்றோடொன்று ஊசியால் கோத்துச் சமமாக இணைக்கும் முறை உங்கள் வீடியோக்களிலேயே இருக்கும். குதிகால் திருப்பத் தெரிந்தவருக்கு அது பெரிய காரியமில்லை.

நூல் பாதிக்கு மேல் உண்மையான கம்பளியாக இருக்கட்டும். கடையில் உல்லன் என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் உடம்புக்கு ஈரமாகத் தெரியாது. உங்கள் ஊர் மழைக்காலத்துக்கு அதுதான் சரி. சாக்ஸுக்கென்று வரும் நூலில் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் இருக்கும். நைலான் இருப்பதால் குதிகால் சீக்கிரம் தேயாது. பெரியவர்களுக்கு ஒரு ஜோடிக்கு 100 கிராம் போதும். வெளிர் நிறமாக எடுங்கள். எங்காவது புண்ணிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தால் கறை உடனே கண்ணில் படும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். ஆறிய தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் பரப்பிக் காயவையுங்கள்.

சாக்ஸோடு வழவழப்பான தரையில் அவரை நடக்க விடக் கூடாது. ரப்பர் அடியுள்ள, பின்பட்டை வைத்த செருப்பு வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒன்று வாங்குங்கள், சாக்ஸையும் சேர்த்து அளவு பார்த்து. தினமும் ராத்திரி சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கு வரை பார்த்துத் துடைத்துவிடுவதும் உங்கள் வேலை. பின்னிக் கொடுத்ததோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள்.

ஐந்து சாக்ஸ் ஏன் ஒற்றையாக நிற்கின்றன என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. உலகம் முழுக்கப் பின்னுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. முதல் சாக்ஸில் குதிகால் திரும்பும் அதிசயத்தைப் பார்த்தாயிற்று, இரண்டாவதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நீங்கள் இதுவரை பின்னியது வித்தையைக் கற்க. யாருடைய காலுக்கும் இல்லை. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் லட்சக்கணக்கில் சாக்ஸ் பின்னி அனுப்பினார்கள். பதுங்கு குழித் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களுக்குப் பாதம் அழுகியது, மாற்றிக்கொள்ள உலர்ந்த சாக்ஸ் வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் யாரும் ஒற்றையாக அனுப்பவில்லை. அதைப் போடப்போகிறவனின் முகம்கூட அவர்களில் பலருக்குத் தெரியாது. உங்களுக்கு முகம் தெரியும், கால் தெரியும், இரண்டும் நீங்கள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இப்போது மருமகள். அவள் செய்வது சரி. மார்கழியிலும் சென்னையில் 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, உடம்புச் சூடு அதன் வழியாகத்தான் நிறைய வெளியேற வேண்டும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது, அதிகச் சூடு குழந்தைக்கு ஆபத்து என்பதால். குஞ்சம், பொத்தான் வைத்ததைக் குழந்தை பிய்த்து வாயில் போடும். இரண்டு மூன்று நிறம் வைத்து டிசைன் போட்ட சாக்ஸுக்குள் குறுக்கே ஓடும் நூலில் விரல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபடலாம். இதெல்லாம் யோசிக்கிற பெண், மாமியார் மனம் நோகக் கூடாது என்று "போடுறேன் அத்தை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் உங்கள் அத்தையிடம் காட்டிய அக்கறையைவிட அவள் உங்களிடம் காட்டும் அக்கறை கூடுதல். போட்டோ கேட்பதை நிறுத்துங்கள். குழந்தைக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் ஒன்றும் அனுப்ப வேண்டாம். உதகைக்கு வரும்போது போட ஒரு ஸ்வெட்டர், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னும் குல்லா பின்ன ஆசை இருந்தால் ஒரு வார்த்தை. எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துக் காப்பாற்றும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. நம் அரசு மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள். அந்தக் குழந்தைகள் உடம்பில் துணியில்லாமல், குல்லா, சாக்ஸ், அரைத்துணியோடு தாயின் நெஞ்சில் படுத்திருப்பார்கள். பச்சிளம் குழந்தைப் பிரிவு நர்ஸிடம் போய், கையால் பின்னியதை வாங்கிக்கொள்வார்களா, என்ன அளவு, என்ன நூல் என்று கேட்டுவிட்டுப் பின்னுங்கள். உங்கள் இஷ்டத்துக்குப் பின்னிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அதுவும் அத்தையின் இரண்டு ஜோடி முடிந்த பிறகு.

செலவு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் உண்டு. பெட்டியில் இருக்கும் நூல் தீரும்வரை, அத்தையின் சாக்ஸுக்குத் தவிர வேறெதற்கும் புதிது வாங்காதீர்கள். ஆனால் அவரிடமும் எனக்குக் கேட்க இருக்கிறது. நூலுக்கு ஆன காசு அவர் கண்ணில் பட்டது. பெற்ற தாயின் காலில் கிடந்த பழைய துண்டு படவில்லையா? மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவது மகனின் வேலை. இந்த நான்கு சாக்ஸுக்கான நூலையும் வீட்டுக்குள் போடும் அந்தச் செருப்பையும் அவரே கடைக்குப் போய், அவர் பணத்தில் வாங்கி வரட்டும்.