கடைக்காரங்க கேட்டதும், கடையில வேலை பாக்கறவங்க கேட்டதும்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல வந்தது. ஆனா அதுல என்ன இருக்குன்னு கடை நடத்துற நிறைய பேருக்கு தெரியாது, அங்க வேலை பாக்கறவங்களுக்கு சொல்றதுக்கும் ஆள் கிடையாது. வந்த கேள்விங்கள்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டதை முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல இருக்கேன் சார். காலைல 10 மணிக்கு நின்னா ராத்திரி 9 வரைக்கும் நிக்கணும். ஆளே இல்லாதப்ப கொஞ்சம் உக்காந்தாலும் ஃபுளோர் சூப்பர்வைசர் ஃபைன் போடறார். இதை எங்கயாவது கேக்க முடியுமா?

முடியும்மா, தாராளமா கேக்கலாம். 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையில இந்த சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டு வந்து 22-ஏ னு புதுசா ஒரு பிரிவு சேத்தாங்க, கடையில வேலை பாக்கற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கறப்பல்லாம் அவங்க உக்காரலாம்னு அதுல தெளிவா இருக்கு. கேரளாவுல 2018லயே இதை கொண்டு வந்துட்டாங்க, அங்க ஜவுளிக்கடை பொம்பளைங்க போராடி வாங்கினது அது. அதனால உக்காந்ததுக்கு ஃபைன் போடறதுங்கறது சட்டத்துக்கு நேர் எதிரானது.

முதலாளிங்களுக்கும் ஒரு வார்த்தை. பேருக்கு ரெண்டு ஸ்டூலை குடோன் பக்கத்துல போட்டு வைக்கறதால பிரயோஜனம் இல்ல. கவுன்ட்டருக்கு பின்னாடி, சேலையை எடுத்து போடற இடத்துலயே, கஸ்டமர் உள்ள வந்தா பாக்கற மாதிரி உயரத்துல இருக்கணும். கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு, பாத்ரூம் போக விட மாட்டாங்கன்னு தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கிட்டு, யூரின் இன்ஃபெக்‌ஷனோட வேலை பாக்கற பொண்ணுங்க இருக்காங்க, இதை பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.

இன்னொண்ணு, உங்க 10 டு 9 கணக்கும் இடிக்குது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதான் கணக்கு. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பாத்தா 1 மணி நேரம் இடைவேளை விடணும். அந்த 8 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம். உங்க ஏரியா தொழிலாளர் துறை ஆபீஸ்ல எழுதி குடுங்க, தனியா போக பயமா இருந்தா நாலு பேரா சேந்து கையெழுத்து போடுங்க.

கேள்வி: பேக்கரி வச்சிருக்கேன், 12 பேர் வேலை பாக்கறாங்க. ராத்திரி முழுக்க திறக்கலாமா?

திறக்கலாம். 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பாக்கற கடைங்க வருஷம் பூரா 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம்னு 2019ல அரசாணை வந்துச்சு, 2022ல மறுபடி மூணு வருஷத்துக்கு குடுத்தாங்க, 2025ல இன்னொரு மூணு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. ஆனா கடை 24 மணி நேரம்னா ஆளும் 24 மணி நேரம்னு அர்த்தம் இல்ல, ஷிஃப்ட் போட்டு ஆளை மாத்தணும், ஒவ்வொருத்தருக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு சுழற்சியில குடுக்கணும். பொம்பளைங்களை ராத்திரி 8 மணிக்கு மேல வைக்கணும்னா அவங்க எழுத்து மூலமா சம்மதிச்சிருக்கணும், பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் நீங்கதான் பண்ணணும். இந்த செலவெல்லாம் போட்டு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

12 பேர்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன். 10 பேர் அல்லது அதுக்கு மேல இருந்தா கடையை தொழிலாளர் துறையில பதிவு பண்ணணும்ங்கற திருத்தம் 2018லயே நிறைவேறியிருந்தாலும் 2024 ஜூலை 2லதான் அமலுக்கு வந்துச்சு. ஆன்லைன்லயே பண்ணிடலாம், இன்னும் பண்ணலன்னா உடனே பண்ணுங்க.

கேள்வி: மே 1 அன்னைக்கு கடை திறந்தா தப்பா?

தப்பில்ல. ஆனா ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலோட அஞ்சு பண்டிகை லீவு, மொத்தம் 9 நாள் சம்பளத்தோட குடுக்கணும். 1958லயே இதுக்கு தனி சட்டம் இருக்கு. அன்னைக்கு வேலை வாங்கினா டபுள் சம்பளம், இல்லன்னா அன்னைக்கு சம்பளமும் குடுத்து வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் குடுக்கணும்.

கேள்வி: போர்டுல இங்கிலீஷ் பேர் பெருசா இருந்தா ஃபைனா?

ஆமா. தமிழ்தான் முதல்ல, பெருசா இருக்கணும், அடுத்து இங்கிலீஷ், வேற மொழி வேணும்னா மூணாவது. அளவு 5:3:2. புது போர்டு அடிக்க குடுக்கறப்பவே ஆர்ட்டிஸ்ட்கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: துணிப்பை மாதிரி இருக்கற நான்-ஓவன் கவர் குடுக்கலாமா?

கூடாது. பாக்க துணி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடையில இருக்கற 14 பொருள்ல கேரி பேக் எந்த தடிமன்ல இருந்தாலும் வந்துரும், பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பேப்பர் கப்பும் அதே லிஸ்ட்லதான். சப்ளையர் "இது அலவுட்" னு சொல்றதை நம்பி மூட்டையா வாங்கி வைக்காதீங்க, பிடிச்சா மாட்டறது நீங்கதான்.

கேள்வி: ஏழு வருஷமா மளிகைக்கடையில இருந்தேன், நாளைல இருந்து வராதன்னு சொல்லிட்டாங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எதுவும் என்கிட்ட இல்ல.

அப்படி நிறுத்த முடியாதுங்க. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்திருந்தாலே, சட்டத்தோட 41வது பிரிவுப்படி, நியாயமான காரணம் சொல்லணும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்கு பதிலா ஒரு மாச சம்பளமோ குடுக்கணும். இல்லன்னா நீங்க அப்பீல் போகலாம். ஆர்டர் இல்லன்னு தளர்ந்துடாதீங்க, பேங்க்ல சம்பளம் ஏறின என்ட்ரி, கடை பேர் போட்ட ஐடி கார்டு, பிஎஃப் நம்பர், முதலாளி சரக்கு எடுக்கச் சொல்லி அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாமே நீங்க அங்க வேலை பாத்ததுக்கு சாட்சிதான். இதெல்லாம் எடுத்துக்கிட்டு இந்த வாரமே தொழிலாளர் துறை ஆபீசுக்கு போங்க, அப்பீலுக்கு கெடு இருக்கு, நாளை கடத்தாதீங்க.