ஆல்டோ வரிசையில் நிற்கும் மகள்

மதிப்பிற்குரிய ஐயா,

பதினான்கு வயதான என் மகள் இந்த ஆண்டு ஒரு நிகழ்கலை உயர்நிலைப் பள்ளியின் குரலிசைப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். நுழைவுத் தேர்வில் மேல்சுரங்களைப் பாடித்தான் இடம் பெற்றாள். இப்போது சேர்ந்திசையில் அவளை ஆல்டோவில், அதாவது பெண்குரல்களின் கீழ்வரிசையில் நிறுத்தி, குரலை அடக்கிப் பாடச் சொல்கிறார்களாம். அவளுடைய தனிக்குரல் கெட்டுவிடாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தனியாகப் பாடும்போது குரலை எடுப்பாக ஒலிக்கச் செய்யும்படி 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் கூடும் ஒலியாற்றல், அதே பாடகர் சேர்ந்திசையில் பாடும்போது குறைவதை சுவீடனின் குரலொலி ஆய்வாளர் யோகான் சுண்ட்பெரியும் அவருடைய சகாக்களும் 1980களில் அளந்து காட்டினார்கள். ஆயினும் இவை ஒரே தொண்டையின் இரண்டு பழக்கங்கள். இரண்டையும் கற்றுத்தர ஆசிரியர் இருந்தால் ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. எனவே தனிக்குரல் பயிற்சிக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

ஆல்டோவில் நிறுத்தியதற்காக வருந்த வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது; ஆண்பிள்ளைகளுக்குப் போல ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்காததால் நாம் அதைக் கவனிப்பதில்லை. இந்த வயதில் குரல்நாண்களின் பின்பகுதி முழுதாக மூடாமல் காற்று கசிவதும், குரலில் மூச்சொலி கலப்பதும் இயல்பு. அப்படி இன்னும் நிலைகொள்ளாத குரலை சொப்ரானோ (மேல்வரிசைக் குரல்) என்றோ ஆல்டோ என்றோ இப்போதே முடிவுகட்ட முடியாது. மேலும், ஆல்டோ வரி பெரும்பாலும் மெட்டைப் பாடாமல் நடுவில் நின்று ஹார்மனியை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் இசைவை, நிரப்புவது. காதில் விழும் மெட்டைப் பிடித்துக்கொண்டு போக வழியில்லாத அந்த வரிசையில், இசைக்குறிப்பைப் பார்த்ததும் பாடக்கூடிய பிள்ளைகளை நிறுத்துவது ஆசிரியர்களின் வழக்கம். உங்கள் மகளின் இசைக்குறிப்பு வாசிக்கும் திறனே அவளை அங்கே கொண்டுசேர்த்திருக்கலாம். ஆனால் குழுவின் வசதிக்காக ஒரு பிள்ளையை நான்கு ஆண்டுகளும் அங்கேயே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. பருவத்துக்கு ஒருமுறை வரிசை மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

‘அடக்கிப் பாடுவது’ என்ற சொல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மூச்சின் ஆதாரம் குறையாமல் மென்மையாகப் பாடுவது அரிய கலை. தொண்டையை இறுக்கி ஒலியைக் குறைப்பது கேடு. ஆசிரியர் முன்னதைச் சொல்லியிருக்க, பிள்ளை பின்னதைச் செய்துகொண்டிருக்கலாம். பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் அவள் பேசுவதைக் கேளுங்கள். குரல் கம்மியிருந்தாலோ, காலையில் எளிதாக எழும்பிய மேல்சுரங்கள் மாலையில் எழும்பாமல் போனாலோ, மறுநாளே ஆசிரியரிடம் சொல்லுங்கள். கம்மல் மூன்று வாரமாகியும் நீங்காவிட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கும்வரை அவள் பாட வேண்டாம்.